எண்ணிப் பார்க்கிற ஆள்

(போன இதழில் ஒரு வாசகர், ‘நிருபராக இருந்து, புத்தகம் எழுதி, பேராசிரியராகவும் ஆனவர் யாராவது நம் நாட்டில் உண்டா?’ என்று கேட்டிருந்தார். ‘பி. சாய்நாத்’ என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் அப்போதே நாலு வரி சேர்த்து எழுதியிருப்பேன். சரி, இந்த வாரம் முழுக்க அவர்தான்.)

கே: யார் சார் இந்த சாய்நாத்? நம்ம ஊர்க்காரரா? பத்திரிகைக்காரர் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. (கோவில்பட்டி வாசகி)

பாதி நம்ம ஊர். 1957-ல் சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பம். குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரியின் பேரன். லயோலாவில் படித்தார், பிறகு டெல்லி ஜே.என்.யு.வில் வரலாறு. 1980-ல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து பம்பாய்க்குப் போய் ஆர்.கே. கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வாரப் பத்திரிகையில் வெளிநாட்டு விவகாரங்களுக்கு ஆசிரியர், அப்புறம் துணை ஆசிரியர் என்று சுமார் பத்து வருஷம். இதுவரைக்கும் கதையில் விசேஷம் எதுவும் இல்லை பாருங்கள். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, பெரிய நாற்காலி. 36 வயதில் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்தான் விஷயமே ஆரம்பிக்கிறது.

கே: துணை ஆசிரியர் வேலையை யாராவது விடுவார்களா? சண்டையா? (திருச்சி வாசகர்)

உங்களுக்கு மசாலா வேண்டும் போல. சண்டை எதுவும் இல்லை. 1993-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஃபெல்லோஷிப் ஒன்று கிடைத்தது. நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் போய் அங்கேயே தங்கி எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினார். நேர்காணலில் ஒரு ஆசிரியர், ‘என் வாசகர்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்று நான் சொன்னால்?’ என்று கேட்டிருக்கிறார். ‘அவர்கள் சார்பில் பேசுகிறீர்களே, உங்கள் வாசகரைக் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டார் இவர். வேலை கேட்டுப் போன இடத்தில் இப்படிப் பேசினால் நமக்கெல்லாம் வாசல் கதவைக் காட்டுவார்கள். இவருக்கு ஃபெல்லோஷிப்பைக் கொடுத்தார்கள்.

கிளம்பினார். ஐந்து மாநிலங்கள், பத்து மாவட்டங்கள். ஒரிசாவில் மல்காங்கிரி, நுவாபடா, அன்றைய பீகாரில் பலாமு, கோடா, அன்றைய மத்தியப் பிரதேசத்தில் சர்குஜா, ஜாபுவா, நம்மூரில் ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று போகும் அந்தப் பட்டியல். மொத்தப் பயணம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொடும். அதில் 5,000 கிலோமீட்டர் நடை, ஏறிப்போன வண்டிகளில் 16 வகை. ஃபெல்லோஷிப் பணம் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை, பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தை எடுத்துக்கொண்டு சுற்றினார். பதினெட்டு மாதத்தில் 84 கட்டுரைகள் அச்சேறின. அப்போது டைம்ஸில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் இவர் பக்கம் நின்றார்கள், அதனால்தான் அவை எழுதியபடியே வந்தன என்று அவரே சொல்வார். நிருபர் எழுதுவது பாதிதான், மீதியை எவர் கையும் படாமல் காப்பாற்றிக் கொடுக்க உள்ளே ஒருவர் வேண்டும். இது எங்கள் தொழில் ரகசியம்.

கே: அந்தக் கட்டுரைகள் சேர்ந்து வந்த புத்தகத்தை வாங்கலாமா? வறட்சி, வறுமை என்றால் புள்ளிவிவரமாக இருக்குமே என்று தயக்கம். (மேட்டூர் ஆசிரியர்)

வாங்குங்கள். ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’, பெங்குவின், 1996. நல்ல வறட்சி என்றால் எல்லாருக்கும் இஷ்டம் என்று அர்த்தம். தலைப்பைப் பார்த்து நக்கல் என்று நினைப்போம், ஆனால் அது பலாமு மக்களின் பேச்சிலிருந்து வந்தது. நமக்கு குறுவை, சம்பா மாதிரி அங்கே காரிஃப், ராபி என்று இரண்டு போகம். வறட்சி நிவாரணத்துக்கு அந்த ஊரில் வைத்த பெயர் ‘தீஸ்ரி ஃபசல்’, அதாவது மூன்றாம் போகம். என்ன, அதை அறுவடை செய்வது விவசாயி இல்லை, காண்ட்ராக்டரும் மற்றவர்களும்.

நீங்கள் பயப்படுகிற புள்ளிவிவரம் இதில் வேறு மாதிரி வரும். ஒன்று சொல்கிறேன். கலஹந்தி பக்கம், இன்றைய நுவாபடா மாவட்டத்தில் கோம்னா என்ற வட்டாரம். 1970-களின் கடைசியில் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது: ஏழைகளுக்கு மாடு கொடுப்போம், சாதா மாடு வேண்டாம், உயர்ந்த ஜாதி கலப்பின மாடாகவே கொடுப்போம். ஜெர்ஸி காளையின் விந்து வந்தது. ஊர்க் காளை குறுக்கே வந்து கலப்பைக் கெடுத்துவிடக் கூடாதே, அதனால் அங்கிருந்த நாட்டுக் காளைகளுக்கெல்லாம் காயடித்தார்கள். தீவனத்துக்கு சூபாபுல் மரம் நட்டார்கள். இரண்டு வருஷம், இரண்டு கோடி ரூபாய் செலவு. கடைசியில் பிறந்தது எட்டுக் கன்றுக்குட்டி. கூடுதலாக ஒரு லிட்டர் பால் இல்லை. நட்ட மரங்களையும் காணோம். அந்தப் பகுதிக்கே உரிய காரியார் காளை இனமும் அதோடு போயிற்று.

அந்த ‘எட்டு’ இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த ஆளை இத்தனை வருஷமாகப் படிக்கிறேன். ‘திட்டம் தோல்வியடைந்தது’ என்று நான் எழுதுவேன், எவரும் எழுதலாம். அவர் போய் கன்றுக்குட்டியை எண்ணிவிட்டு வருகிறார். தமிழில் எண்ணுவது என்றால் கணக்குப் பார்ப்பதும்தான், யோசிப்பதும்தான். இவருக்கு இரண்டும் ஒரே வேலை.

இன்னொன்று, ஒரிசாவின் கோராபுட்டில் சிகாபர் என்ற கிராமம். 1968-ல் மிக் போர் விமானத் தொழிற்சாலைக்காக அந்த மக்களை வெளியேற்றினார்கள். மழை ராத்திரியில் குழந்தைகளை இழுத்துக்கொண்டு காட்டு வழியில் நடந்தார்கள். போன இடத்தில் குடிசை போட்டு அதற்கும் சிகாபர் என்றே பெயர் வைத்தார்கள். 1987-ல் அணைக்கட்டுத் திட்டம் என்று அங்கிருந்தும் கிளப்பினார்கள். அப்புறம் மறுபடி ஒரு இடம், மறுபடி அதே பெயர். சாய்நாத் போகும்போது மூன்றாவது முறை காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதையும் உருக்கமாக எழுதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டிவிட்டுப் போகிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

கே: ராமநாதபுரத்துக்கு வந்தார் என்கிறீர்களே, எங்களைப் பற்றி என்ன எழுதினார்? (முதுகுளத்தூர் வாசகர்)

நல்லதாக எழுதினாரா என்று கேட்கிறீர்களா? உங்கள் ஊர் தரகர்களைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்திலும் ‘தரகர்’ என்றே போட்டார், அதற்கு அங்கே சரியான சொல் இல்லை. மிளகாய் போடும் சம்சாரிக்கு முதலில் கடன் கொடுப்பது தரகர், விளைந்ததை அவரிடமே கொண்டுபோய்ப் போட வேண்டும், விலை சொல்வதும் அவரே, சாம்பிள் என்று மூட்டையிலிருந்து அள்ளுவதும் அவரே. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் பனையேறிகள். மரத்தின் உயரம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மரம், ஒரு மரத்தில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று கேட்டுக் கேட்டுப் பெருக்கிப் பார்த்திருக்கிறார். சீசன் நாட்களில் தினமும் சுமார் 5,000 அடி வருகிறது. அதாவது லிஃப்ட் இல்லாத 250 மாடிக் கட்டடம் ஒன்றில் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குவது மாதிரி. நான் பதநீரும் நுங்கும் வாங்கிச் சாப்பிட்டே வளர்ந்தவன், பனையேறி நெஞ்சில் காய்ப்புக் காய்த்திருப்பதைக் கிட்டத்தில் பார்த்தவன். ஒருநாளும் எனக்குப் பெருக்கிப் பார்க்கத் தோன்றியதில்லை.

கே: எப்போதும் அழுகைக் கதைதானா? சந்தோஷமாக ஒன்றும் எழுதமாட்டாரா? (ஓசூர்)

புதுக்கோட்டை சைக்கிள் கதை போதுமா? 1990-களின் ஆரம்பத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை பார்க்கிறவர்கள், விவசாயக் கூலிகள், பள்ளி ஆசிரியைகள், முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்று கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் திரண்டு ஓட்டினார்கள். அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள், அப்புறம் அதுவே வசதியாகப் போயிற்று, ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் இருக்கிறது அல்லவா, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். ‘பெண் விடுதலை’ என்று பத்துப் பக்கம் எழுதுகிறவர் கண்ணில் இந்த பார் படாது.

இந்தக் கட்டுரை இந்தியில் எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தில் பாடமாக இருந்தது. வடக்கே பிள்ளைகள் புதுக்கோட்டையைப் படித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டு யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை.

கே: பிஎச்.டி. இல்லாமல் பேராசிரியர் ஆகலாமா? நான் நெட் பாஸ் செய்து ஆறு வருஷமாக கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

உங்கள் கேள்வியில் உள்ள வயிற்றெரிச்சல் நியாயமானது. இவர் போனது நீங்கள் நிற்கிற க்யூ இல்லை. பத்திரிகை வேலையில் இருக்கும்போதே மும்பை சோஃபியா பாலிடெக்னிக்கில் ஊடகம் படிக்கும் மாணவிகளுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்க ஆரம்பித்து, விடாமல் எடுத்தார். அப்புறம் சென்னையில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். 2012-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் எழுத்துக்கலைப் பேராசிரியர். முந்தின வருஷமே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. இங்கேயும் 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று ஒரு வழி திறந்தது: ஒரு துறையில் பதினைந்து வருஷ அனுபவமும் பெயரும் இருந்தால் பிஎச்.டி. தேவையில்லை, ஆனால் மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஆறு வருஷத்துக்கு இதில் பதில் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது.

கே: அவர் வகுப்பில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்? (ஜர்னலிசம் மாணவர், சென்னை)

நான் அவர் வகுப்பில் உட்கார்ந்ததில்லை தம்பி. மேடையில் பேசுவதை வைத்துச் சொல்கிறேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, செய்தி என்பது நடந்த சம்பவம் மட்டும் இல்லை, நடந்துகொண்டே இருக்கிற ஒன்று என்பது. வெள்ளம் வந்தால் செய்தி, பஸ் கவிழ்ந்தால் செய்தி. முப்பது வருஷமாக ஒரு ஊரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால்? அதற்கு எந்தத் தேதியைப் போட்டு எழுதுவது? அதனால் யாரும் எழுதுவதில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் கணக்கு ஒன்று. 2006-ல் மும்பையில் ஃபேஷன் வீக். அனுமதி அட்டை வாங்கிச் செய்தி சேகரித்தவர்கள் 512 பேர். மேடையில் காட்டியது பருத்தி உடைகள். அதே நாட்களில், விமானத்தில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில், அதே மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் பருத்தி பயிரிட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு வாரமாவது தங்கிய வெளியூர்ப் பத்திரிகையாளர்களை எண்ணினால் ஆறு பேர் தேறினார்கள்.

இதே கண்ணால்தான் 2009 மகாராஷ்டிரத் தேர்தல் சமயத்தில் மராத்தி நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அன்றைய முதல்வரைப் புகழ்ந்து மூன்று பத்திரிகைகளில் ஒரே கட்டுரை, வார்த்தை மாறாமல், வேறு வேறு நிருபர் பெயரோடு. காசு வாங்கிக்கொண்டு போடும் செய்தி பற்றி நாடே பேசியதற்கு அது ஒரு பெரிய காரணம். ரகசிய ஆவணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, எல்லாம் கடையில் கிடைக்கிற பேப்பர்.

கே: விவசாயிகள் தற்கொலை எண்ணிக்கையை ஊதிப் பெருக்கினார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? (பொள்ளாச்சி)

எண் அவருடையது இல்லை, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துடையது. அதை எடுத்து அலசியவர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பேராசிரியர் கே. நாகராஜ். அந்தக் கணக்கை ‘தி இந்து’வில் ஊரக விவகார ஆசிரியராக இருந்த பத்து வருஷமும், 2004 முதல் 2014 வரை, விடாமல் எழுதியவர் சாய்நாத். 1995 முதல் 2010 வரை 2,56,913 பேர். மக்கள்தொகை விகிதத்தில் வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு இல்லை என்று வாதிட்ட பொருளாதார அறிஞர்கள் உண்டு. விகிதம் பார்க்கத்தான் வேண்டும், அந்தக் கேள்வி தப்பில்லை. அவர் பதில், விவசாயிகளின் எண்ணிக்கையே குறைந்துகொண்டு வரும்போது மொத்த ஜனத்தொகையை வைத்து வகுப்பது எப்படி என்பது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டா பெயரில் இல்லாத பெண்ணும், குத்தகைக்காரரும் பல இடங்களில் ‘விவசாயி’ கணக்கிலேயே வருவதில்லை என்று அவர் சொன்னது. 2014-ல் காப்பகம் வகைப்பிரிவுகளை மாற்றியது. விவசாயி தலைப்பில் எண் சட்டென்று இறங்கியது, ‘மற்றவர்கள்’ தலைப்பில் ஏறியது. தலைப்பை மாற்றினாலே பிரேதம் இடம் மாறிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கே: விருது? (ஆரணி)

2007-ல் மகசேசே, 2021-ல் ஜப்பானின் ஃபுகுவோகா பரிசு. வாங்காதது 2009-ல் பத்ம பூஷண். எந்த அரசாங்கத்தை விமர்சித்து எழுதுகிறோமோ அதனிடமே மாலை வாங்கக் கூடாது என்றார். எனக்கு அப்படி ஒரு சங்கடம் இதுவரை வரவில்லை.

கே: அவரிடம் குறையே இல்லையா? கோயில் கட்டிவிடுவீர்கள் போல. (வேலூர்)

உண்டு. கோபமும் கேலியும் சில கட்டுரைகளில் மனிதர்களை மறைத்துக்கொண்டு நிற்கும். அதிகாரிகள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரிவார்கள். 2022-ல் வந்த ‘தி லாஸ்ட் ஹீரோஸ்’ புத்தகத்தில் அது குறைந்து, ஆள் கனிந்திருக்கிறார். பெயர் தெரியாத விடுதலைப் போராட்ட வீரர்களைத் தேடிப்போய் எழுதியது. நம்மூர் சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் அதில் உண்டு. 1941-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கைதாகி, பி.ஏ.யை முடிக்காமலே போனவர் சங்கரய்யா.

அதில் வங்காளத்தின் புருலியாவைச் சேர்ந்த பவானி மஹாதோ என்ற பாட்டி வருகிறார். நூறு வயதைத் தொட்டவர். ‘சுதந்திரப் போராட்டமா? எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, என் வீட்டுக்காரர்தான் போனார்’ என்று அடித்துச் சொல்கிறார். பிறகு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டால், பெரிய குடும்பத்துக்குச் சமைத்தேன், வயலைப் பார்த்துக்கொண்டேன், அப்படியே காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கும் சோறாக்கினேன் என்கிறார். ஒருவர் இருவர் இல்லை, இருபது பேருக்கு மேல். அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. சிறைக்குப் போனவருக்குத்தானே தியாகி பென்ஷன்? சோறாக்கியவருக்கு எந்தப் படிவம்?

கே: நான் தாலுகா நிருபர். ஒரு நாளைக்கு ஐந்து செய்தி அனுப்ப வேண்டும், சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாய்நாத் மாதிரி தங்கி எழுத எனக்கு எங்கே நேரம்? (தென்காசி மாவட்டம்)

சிரிக்கமாட்டேன். நானும் அந்த வேலையில் இருந்தவன். ஒரு வறட்சி வருஷம், கலெக்டர் ஆபீஸ் பிரஸ் நோட்டில் ‘47 கிராமங்களுக்கு லாரியில் குடிநீர்’ என்று இருந்ததை அப்படியே அடித்து அனுப்பினேன். மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரைக் காட்டி, ‘எங்க ஊரும் இதில இருக்கு, லாரி எப்ப வரும்னு எழுதலியே தம்பி?’ என்றார். நக்கலடிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். வாடகை வண்டி பிடித்தாவது நான் அன்றைக்கு அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

உங்களால் பத்து மாவட்டம் போக முடியாது. மாசத்துக்கு ஒரு நாள், பிரஸ் நோட்டில் உள்ள ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். உங்கள் பேப்பர் போடவில்லை என்றால் ‘பாரி’ இருக்கிறது. 2014 டிசம்பர் 20-ல் சாய்நாத் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம். கிராமத்து இந்தியாவின் 83 கோடிப் பேரின் தொழில், பாட்டு, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற பேராசை. மகாராஷ்டிரப் பெண்கள் திருகை சுற்றிக்கொண்டே பாடிய பாட்டுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் அங்கே சேர்ந்திருக்கின்றன. தமிழிலும் படிக்கலாம், காசு கிடையாது.

கே: போன இதழில் சாய்நாத் பெயரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவர் எழுதிய புதுக்கோட்டை சைக்கிள் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். அப்பாவின் சைக்கிளில்தான் பழகினார். அது இன்னும் கொல்லையில் கிடக்கிறது. (அறந்தாங்கி பக்கம்)

இதற்கு என்னிடம் பதில் இல்லை, கேள்விதான் இருக்கிறது. அம்மா எத்தனை நாளில் பழகினார்கள்? எத்தனை தடவை விழுந்தார்கள்? அந்த பாரில் உட்கார்ந்து போனது நீங்களா, உங்கள் அண்ணனா? எழுதி அனுப்புங்கள். சைக்கிளையும் துடைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.